பழைய ஃபெலனியும் துப்பாக்கி உரிமையும்: வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்காவில் துப்பாக்கி வாங்கும்போது நிரப்ப வேண்டிய படிவத்தைப் பற்றிப் போன இதழில் இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. எப்போதோ நடந்த ஃபெலனி (பெருங்குற்ற) வழக்கு, தண்டனையெல்லாம் முடிந்து வருடக்கணக்காகிவிட்டது, இப்போது துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா? பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருக்கிறார்கள், அதனால் ஊர் மட்டும்.

கேள்வி (டல்லாஸ்): சின்ன வயதிலேயே அப்பா அம்மாவோடு அமெரிக்கா வந்து சிட்டிசன் ஆனவன். 1999-ல் கல்லூரியில் படிக்கும்போது கிரெடிட் கார்டு மோசடி வழக்கில் மாட்டிக்கொண்டேன். தப்பு செய்தேன், மறுக்கவில்லை. ஜெயிலுக்குப் போகவில்லை, 5 வருட ப்ரொபேஷன் (சிறைக்குப் பதில் கண்காணிப்பு), ஒழுங்காக முடித்தேன். டெக்ஸஸில் 5 வருடம் தாண்டினால் வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம் என்று ஆபீஸ் நண்பர் சொல்கிறார். வாங்கலாமா சார்?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். நண்பர் சொன்னது பொய் இல்லை, ஆனால் பாதிதான் சொல்லியிருக்கிறார். டெக்ஸஸ் குற்றவியல் சட்டப்படி, சிறையிலிருந்தோ ப்ரொபேஷனிலிருந்தோ விடுபட்டு 5 வருடம் ஆகிவிட்டால் ஃபெலனி தண்டனை பெற்றவர் தான் குடியிருக்கும் வீட்டுக்குள் துப்பாக்கி வைத்திருப்பது மாநிலக் குற்றம் இல்லை. ஆனால் அதே வீட்டில் அதே துப்பாக்கி ஃபெடரல் குற்றமாக, அதாவது மத்திய அரசுச் சட்டப்படி குற்றமாக, இருக்கலாம். 1968-ம் வருட ஃபெடரல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு 5 வருடக் கணக்கு, 20 வருடக் கணக்கு எதுவும் கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றத்தில் தண்டனை பெற்றவர், தடை நீங்கும்வரை, ஆயுள் முழுக்கத் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது. உங்களுக்கு எவ்வளவு தண்டனை கொடுத்தார்கள் என்பது கணக்கே இல்லை, எவ்வளவு கொடுத்திருக்கலாம் என்பதுதான் கணக்கு. ஒரு நாள்கூட உள்ளே இருக்கவில்லையே என்று நினைத்துக்கொண்டு நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விழுகிறார்கள். 2022-ல் சட்டத்தைத் திருத்திய பிறகு இதற்கு அதிகபட்சம் 15 வருடச் சிறை, அதற்கு முன்பு 10 வருடமாக இருந்தது.

ஆனால் உங்கள் கடிதத்தில் ஒரு சின்ன விவரம் இல்லை, அதுதான் எல்லாவற்றையும் மாற்றக்கூடியது. அந்த 5 வருடம் சாதாரண ப்ரொபேஷனா, இல்லை டெக்ஸஸில் ‘டெஃபர்ட் அட்ஜூடிகேஷன்’ என்று சொல்லுவார்களே, அதுவா? இரண்டாவதில் நீதிபதி உங்களைக் குற்றவாளி என்று தீர்ப்பு எழுதாமலேயே தள்ளிவைத்துக் கண்காணிப்பில் விடுவார், ஒழுங்காக முடித்தால் வழக்கு தள்ளுபடி. எது ‘கன்விக்‌ஷன்’ (குற்றவாளி என்ற தீர்ப்பு) என்று தீர்மானிக்கும் வேலையை ஃபெடரல் துப்பாக்கிச் சட்டம் வழக்கு நடந்த மாநிலத்திடமே விட்டிருக்கிறது. ஆகவே முடித்துவிட்ட டெஃபர்ட் அட்ஜூடிகேஷன் என்றால் உங்கள் மேல் தடையே இல்லாமல் இருக்கலாம். சாதாரண ப்ரொபேஷன்தான் என்றாலும், அதை முடித்தபோது நீதிபதி தீர்ப்பையே ரத்து செய்து ஓர் உத்தரவு போட்டிருக்க வாய்ப்பு உண்டு. டெக்ஸஸில் அந்த அதிகாரம் நீதிபதிக்கு இருக்கிறது, போட்டிருப்பது சம்பந்தப்பட்டவருக்கே தெரியாமல் ஃபைலில் கிடப்பதும் உண்டு. இரண்டும் இல்லை என்றால் அடுத்த வழி கவர்னரின் மன்னிப்பு. அதற்கு மாநில மன்னிப்பு வாரியத்தின் பரிந்துரை வேண்டும், நீண்ட காத்திருப்பு.

அதனால் முதல் வேலை, வழக்கு நடந்த கவுண்டியின் கோர்ட் கிளார்க் அலுவலகத்துக்குப் போய்த் தீர்ப்பு, விடுவிப்பு உத்தரவு இரண்டுக்கும் முத்திரையிட்ட நகல் வாங்குங்கள். கைரேகை கொடுத்து எஃப்.பி.ஐ.யிடம் உங்கள் பதிவையும் வரவழையுங்கள், 18 டாலர்தான். இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு துப்பாக்கி உரிமை வழக்குகளையே பார்க்கும் வக்கீலிடம் போய், ‘நான் வாங்கலாம்’ என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கடையில் போய் பேக்ரவுண்ட் செக் (குற்றப் பின்னணிச் சோதனை) போட்டுப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்று நீங்கள் நினைத்தால், தயவுசெய்து வேண்டாம். அங்கே நிரப்பும் 4473 படிவம் ஃபெலனி பற்றி நேராகக் கேட்கிறது, தெரிந்தே பொய்யாக ‘இல்லை’ என்று போட்டுக் கையெழுத்திட்டால் அதுவே தனிக் குற்றம். அப்புறம் இன்னொன்று. எஃப்.பி.ஐ. மூன்று வேலை நாளுக்குள் பதில் சொல்லாவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியைக் கொடுத்துவிட ஃபெடரல் சட்டம் அனுமதிக்கிறது. அப்படிக் கையில் வந்துவிட்டதால் உங்களுக்கு உரிமை வந்துவிட்டது என்று ஆகாது.

கேள்வி (கேரி, நார்த் கரோலினா): என் கணவருக்கு 2003-ல் ஒரு ஃபெலனி, அடிதடி இல்லை, பணம் சம்பந்தப்பட்டது. எனக்கு எந்த வழக்கும் இல்லை. தனியாக இருக்கும் நேரத்துக்கென்று என் பெயரில் ஒரு பிஸ்டல் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். என் பெயரில் இருப்பதால் அவருக்குப் பிரச்சினை இல்லைதானே?

பதில்: இருக்கிறது அம்மா, இந்தக் கடிதத்தைப் படித்ததும் எனக்குப் பதற்றமாகத்தான் இருந்தது. சட்டம் ‘யார் பெயரில் ரசீது’ என்று மட்டும் பார்ப்பதில்லை. அந்தத் துப்பாக்கி இருப்பது அவருக்குத் தெரியுமா, நினைத்தால் எடுக்க முடியுமா, அதைத் தன் கட்டுப்பாட்டில் வைக்கும் நோக்கம் இருந்ததா என்றுதான் பார்க்கும். கையால் தொடவே வேண்டாம். இரண்டு பேரும் புழங்கும் படுக்கையறை அலமாரி, சாவி கதவிலேயே தொங்குகிறது என்றால், அது அவருடைய துப்பாக்கியும்தான் என்று அரசு வக்கீல் வாதாட இடம் கொடுத்துவிடுகிறீர்கள். பிஸ்டலை வீட்டுக்கு வெளியே, உங்கள் அண்ணன் வீடு மாதிரி ஓர் இடத்தில் வைத்துவிடுவதுதான் நிம்மதி. வீட்டில்தான் வேண்டும் என்றால் அவரால் திறக்கவே முடியாத, எண் உங்களுக்கு மட்டும் தெரிந்த இரும்புப் பெட்டி வேண்டும், தோட்டாவும் அதற்குள்தான் இருக்க வேண்டும். டிராயரில் மறந்துபோய்க் கிடக்கும் ஒரே ஒரு தோட்டாவும் சட்டத்தின் முன் துப்பாக்கிக்குச் சமம்.

அவர் பெயரில் பழைய துப்பாக்கி எதுவும் எங்காவது இருந்தால் அதையும் கவனியுங்கள். 2015-ல் ஹெண்டர்சன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைத் தெளிவாக்கியது. ஃபெலனி வந்தவர் தன் துப்பாக்கிகளை விற்கவோ வேறொருவருக்கு மாற்றவோ நீதிமன்றத்தைக் கேட்கலாம், ஆனால் வாங்குகிறவர் அவர் சொல்படி ஆடுகிறவராகவோ, அவரைப் பயன்படுத்த விடுகிறவராகவோ இருக்கக் கூடாது.

உங்கள் மாநிலத்தில் வழி இருக்கிறது, ஆனால் நீளமானது. வன்முறை இல்லாத ஒரே ஃபெலனி, குடிமை உரிமைகள் (ஓட்டு, ஜூரி போன்றவை) திரும்பி 20 வருடம் ஆகியிருக்க வேண்டும், அப்புறம் மாவட்ட நீதிமன்றத்தில் மனு. 2003 தீர்ப்பு என்றால் 20 வருடத்தைத் தீர்ப்பு நாளிலிருந்து எண்ணாதீர்கள், தண்டனை முழுக்க முடிந்து உரிமைகள் திரும்பிய நாளிலிருந்து எண்ணுங்கள்.

கேள்வி (ஃப்ரீமாண்ட்): கலிஃபோர்னியாவில் என் ஃபெலனியை ‘எக்ஸ்பஞ்ச்’ (பழைய தீர்ப்பை நீக்குவது) செய்துவிட்டேன். கோர்ட் உத்தரவு கையில் இருக்கிறது. அவ்வளவுதானே?

பதில்: அந்த உத்தரவில் 1203.4 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். இருந்தால், அது வேலைக்கு, வாடகை வீட்டுக்கு உதவும், துப்பாக்கிக்கு உதவாது. இதனால் துப்பாக்கி வைத்திருக்கும் அனுமதி கிடைத்துவிடாது என்று அந்தச் சட்டப் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. கலிஃபோர்னியாவில் துப்பாக்கிக்கு உதவுவது 17(பி) என்ற இன்னொரு பிரிவு. ஃபெலனியாகவும் மிஸ்டிமீனராகவும் (சிறு குற்றமாகவும்) வழக்குப் போடக்கூடிய குற்றமாக இருந்தால், அதை மிஸ்டிமீனராகக் குறைக்கச் சொல்லி நீதிபதியிடம் கேட்கலாம். குறைத்துவிட்டால் ஃபெலனித் தடை போகும், ஆனால் சில மிஸ்டிமீனர்களுக்கே கலிஃபோர்னியாவில் 10 வருடத் தடை உண்டு, குடும்ப வன்முறை என்றால் ஃபெடரல் தடை தனியாக நிற்கும்.

ஆஷ்பர்னிலிருந்தும் கிட்டத்தட்ட இதே கேள்வி வந்திருக்கிறது, வர்ஜீனியா கவர்னர் குடிமை உரிமைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். வாழ்த்துகள், ஓட்டுப் போடலாம், ஜூரியில் உட்காரலாம். துப்பாக்கி அதில் சேராது. அதற்கு நீங்கள் குடியிருக்கும் இடத்து சர்க்யூட் கோர்ட்டில் தனியாக மனுப் போட வேண்டும். ‘ரெஸ்டோர்’ என்ற ஒரே வார்த்தையை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துகிறார்கள், அதுதான் மனிதர்களைக் குழியில் தள்ளுகிறது. உத்தரவில் துப்பாக்கி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று வரி வரியாகப் படியுங்கள். மாநிலம் உரிமைகளைத் திருப்பிக் கொடுக்கும்போது துப்பாக்கியில் ஒரு வகையை மட்டும் மறுத்து மற்றதை விட்டுவைத்தாலும், ஃபெடரல் தடை முழுசாக இருக்கும் என்று 1998-ல் கேரன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

கேள்வி (எடிசன், நியூ ஜெர்சி): என் பிள்ளை இரண்டாம் வகுப்பு. துப்பாக்கிக்காரன் வந்தால் மேஜைக்கடியில் எப்படிச் சத்தமில்லாமல் உட்காருவது என்று பள்ளியில் பழக்குகிறார்கள். நீங்கள் குற்றவாளிகள் திரும்பத் துப்பாக்கி வாங்க வழி சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். மனசுக்குச் சரியாகப் படுகிறதா?

பதில்: உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. என் வீட்டிலும் பள்ளிக்குப் போகிற பிள்ளை உண்டு, அந்தப் பயிற்சி நடந்த நாளில் அவள் சாப்பிடவில்லை. அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

பக்கத்து பென்சில்வேனியாவில் பிரையன் ரேஞ்ச் என்று ஒருவர். 1995-ல் குடும்ப வருமானத்தைக் குறைத்துக் காட்டி உணவு உதவி வாங்கிய குற்றத்தை ஒப்புக்கொண்டார். தொகை 2,458 டாலர், திருப்பிக் கட்டினார், 3 வருட ப்ரொபேஷன் முடித்தார். அந்த மாநிலத்தில் அதற்குப் பெயர் ஃபெலனிகூட இல்லை, மிஸ்டிமீனர். ஆனால் 5 வருடம் வரை சிறை விதிக்கலாம் என்று சட்டத்தில் இருந்ததால் ஆயுள் தடை. (மாநில மிஸ்டிமீனர் என்றால் அதிகபட்சம் 2 வருடத்துக்குள் இருந்தால்தான் ஃபெடரல் சட்டம் விட்டுவிடும்.) கடையில் கத்தி முனையில் கல்லாவைப் பறித்தவனுக்கும் இவருக்கும் சட்டத்தில் ஒரே வரிசை. இவர் வழக்குப் போட்டார். மூன்றாவது சர்க்யூட் அப்பீல் நீதிமன்றம் (சில மாநிலங்களுக்குப் பொதுவான ஃபெடரல் அப்பீல் நீதிமன்றம்) 2023-ல் இவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது, சுப்ரீம் கோர்ட் மறுபடி பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்பியது, 2024 டிசம்பரில் மறுபடியும் இவர் பக்கமே வந்தது. உங்கள் நியூ ஜெர்சியும் அதே சர்க்யூட்டுக்குள்தான் வருகிறது. ஆனால் அந்தத் தீர்ப்பு இவருடைய வழக்குக்கு மட்டும் என்று நீதிபதிகள் குறுக்கியே எழுதினார்கள், அதைக் காட்டி யாரும் கடைக்குப் போகக் கூடாது. 2025 மே மாதம் கலிஃபோர்னியா பக்கத்து ஒன்பதாவது சர்க்யூட் டுவார்ட்டே வழக்கில் இதற்கு நேர்மாறாக, எந்த ஃபெலனியானாலும் தடை செல்லும் என்று சொல்லிவிட்டது.

இந்த ஒரே வரிசை எப்போதும் இருந்ததும் இல்லை. 1938-ல் வந்த முதல் ஃபெடரல் சட்டம் வன்முறைக் குற்றம் செய்தவர்களைத்தான் தடுத்தது. 1961-ல்தான் அதை விரித்து, ஒரு வருடத்துக்கு மேல் தண்டனைக்குரிய எல்லாக் குற்றங்களையும் உள்ளே இழுத்தார்கள். என் கருத்து, 1938-ல் இருந்தவர்கள் கோடு போட்ட இடம் சரி. ஆளை அடித்தவன், மனைவியை அடித்தவன், துப்பாக்கி காட்டி மிரட்டியவன், இவர்களுக்குத் தடை இருக்கட்டும். குடும்ப வன்முறைக்கு மிஸ்டிமீனரிலேயே தடை என்று 1996-ல் கொண்டுவந்தார்களே, அதை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் 22 வயதில் போலிச் செக் கொடுத்துவிட்டு 25 வருடம் வரி கட்டி, பிள்ளை வளர்த்து, யாரையும் தொடாமல் வாழ்ந்த மனிதர் ஒரு நீதிபதி முன்னால் நின்று ‘என் ஃபைலைப் பாருங்கள், என் பக்கத்து வீட்டாரைக் கேளுங்கள்’ என்று சொல்ல ஒரு கதவு இருக்க வேண்டும். தானாகத் திறக்கும் கதவைக் கேட்கவில்லை. ஒருவர் உட்கார்ந்து விசாரித்துத் திறக்கும் கதவைத்தான் கேட்கிறேன்.

வழி தெரியாமல் இருப்பதால் பாதுகாப்புக் கூடிவிடுவதும் இல்லை. முறையான வழியைக் கேட்டு எழுதுகிறவர்கள் சட்டத்துக்கு அடங்கி நடக்க விரும்புகிறவர்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியை நினைத்து நான் பயப்படும்போது இவர்கள் முகம் எனக்கு வருவதில்லை.

கேள்வி (சிகாகோ): 1980-களில் மதுரையில் கல்லூரி வேலைநிறுத்தத்தில் நடந்த கல்லெறி வழக்கில் எனக்குத் தண்டனை கிடைத்தது. இப்போது அமெரிக்க சிட்டிசன். அந்த இந்தியத் தீர்ப்பு இங்கே துப்பாக்கி வாங்கத் தடையா?

பதில்: ஃபெடரல் ஃபெலனித் தடையைப் பொறுத்தவரை, இல்லை. ஜப்பானில் துப்பாக்கி கடத்தியதற்குத் தண்டனை அனுபவித்துவிட்டு வந்து, பென்சில்வேனியாவில் துப்பாக்கி வாங்கிய ஒருவர் வழக்கில் 2005-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. ‘எந்த நீதிமன்றத்திலும்’ என்று சட்டத்தில் இருப்பது அமெரிக்க நீதிமன்றங்களைத்தான் குறிக்கும் என்று சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டில் சில விஷயங்கள் குற்றமாக இருக்கும், இங்கே உரிமையாக இருக்கும், விசாரணை முறையும் வேறு, அதை வைத்து இங்கே ஒருவரைத் தடுக்க முடியாது என்பது ஒரு காரணம்.

ஆனால் இல்லினாயில் துப்பாக்கி வைத்திருக்கவே மாநில அடையாள அட்டை வேண்டும், அந்த விண்ணப்பத்தில் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையைச் சொல்ல வேண்டும், மாநில விதியை வக்கீலிடம் தனியாகக் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, கிரீன் கார்டுக்கும் சிட்டிசன்ஷிப்புக்கும் விண்ணப்பித்தபோது மதுரை வழக்கைச் சொன்னீர்களா? அங்கே வெளிநாட்டு வழக்கும் சேர்த்தே கேட்பார்கள். சொல்லாமல் விட்டிருந்தால் துப்பாக்கி யோசனையை ஓரமாக வைத்துவிட்டு, வேறு எந்த விண்ணப்பமும் போடும் முன் இமிக்ரேஷன் வக்கீலிடம் பேசுங்கள்.

கேள்வி (ஹூஸ்டன்): என்னுடையது மாநில வழக்கு இல்லை, ஃபெடரல். 2001-ல் மெயில் (தபால்) மோசடி. மாநிலக் கோர்ட்டில் மனுப் போட்டு உரிமையை வாங்கலாமா?

பதில்: முடியாது. ஃபெடரல் தீர்ப்பால் வந்த தடையை மாநிலம் நீக்க முடியாது என்று 1994-ல் பீச்சம் வழக்கிலேயே முடிவாகிவிட்டது. உங்களுக்கு இரண்டு வழிகள். ஒன்று ஜனாதிபதி மன்னிப்பு. நீதித்துறையின் (நீதிமன்றங்கள் இல்லை, ‘டிபார்ட்மென்ட் ஆஃப் ஜஸ்டிஸ்’ என்ற அரசுத் துறை) வழக்கமான விதிப்படி, விடுதலையாகி (சிறை இல்லை என்றால் தீர்ப்பு நாளிலிருந்து) 5 வருடம் ஆன பிறகு விண்ணப்பிக்கலாம், உங்களுக்கு அது எப்போதோ தாண்டிவிட்டது.

இரண்டாவது வழியின் கதை வருத்தமானது. பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்து இல்லை என்று தெரிந்தால் தனி மனிதருக்குத் தடையை நீக்கலாம் என்று 925(சி) என்ற பிரிவு சட்டத்திலேயே இருக்கிறது. அந்த விண்ணப்பங்களைப் பார்க்கும் வேலை மது, புகையிலை, துப்பாக்கி, வெடிபொருள் விவகாரங்களைப் பார்க்கும் ஏ.டி.எஃப். என்ற ஃபெடரல் அமைப்பிடம் இருந்தது. 1992 முதல் தனி மனிதர் விண்ணப்பங்களுக்கு ஒரு பைசாகூடச் செலவு செய்யக் கூடாது என்று காங்கிரஸ் ஒவ்வொரு பட்ஜெட்டிலும் எழுதி வந்தது. சட்டம் கதவு என்று சொல்கிறது, பட்ஜெட் அதற்கு ஆணி அடித்துவிட்டது. மெக்ஸிகோவில் காரில் தோட்டாக்களோடு பிடிபட்டுத் தண்டனை பெற்ற டெக்ஸஸ் துப்பாக்கி வியாபாரி ஒருவர் நீதிமன்றம் போனார். பதிலே சொல்லாமல் இருப்பது மறுப்பு ஆகாது, அதனால் நீதிமன்றம் தலையிட முடியாது என்று 2002-ல் சுப்ரீம் கோர்ட் அதையும் மூடிவிட்டது. ஏறக்குறைய 33 வருடம் இப்படியே போயிற்று. எத்தனை பேர் காத்திருந்தே வயதாகிப் போயிருப்பார்கள் என்று நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது.

2025 மார்ச்சில் நீதித்துறை அந்தப் பொறுப்பை ஏ.டி.எஃப்.பிடமிருந்து எடுத்துத் தன் தலைவரான அட்டர்னி ஜெனரலிடமே வைத்துக்கொண்டது, ஜூலையில் யார் எப்படி விண்ணப்பிப்பது என்று ஒரு வரைவு விதியை வெளியிட்டது. வன்முறைக் குற்றம் செய்தவர்களுக்குப் பெரும்பாலும் இல்லை என்பது அந்த வரைவின் போக்கு, உங்களுடையது மோசடி என்பதால் வாய்ப்பு இருக்கிறது. நீதித்துறையின் தளத்தில் இப்போதைய நிலையை நேரடியாகப் பாருங்கள். ‘உடனே வாங்கித் தருகிறோம்’ என்று முன்பணம் கேட்கிற யாருக்கும் கொடுக்காதீர்கள். இதற்கிடையில் தீர்ப்பு நகல், அபராதமும் இழப்பீடும் கட்டி முடித்த ரசீது, வேலைச் சான்று, உங்களை வருடக்கணக்கில் தெரிந்தவர்களின் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். எந்த வழியில் போனாலும் இவை வேண்டும்.

கேள்வி (அட்லாண்டா): கிரீன் கார்டில் இருக்கிறேன், 2010-ல் ஒரு ஃபெலனி. நண்பர்களோடு துப்பாக்கி சுடும் இடத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சும்மா ஒரு தடவை சுட்டுப் பார்க்கலாமா?

பதில்: போகாதீர்கள். வாடகைக்கு ஐந்து நிமிடம் கையில் பிடித்தாலும் அது வைத்திருந்ததுதான். சிட்டிசனுக்கு அது ஜெயில், உங்களுக்கு ஜெயிலும் அதற்குப் பிறகு நாடுகடத்தலும். ஃபெலனி வந்தவர் துப்பாக்கி வைத்திருப்பதை இமிக்ரேஷன் சட்டம் மிகக் கடுமையான குற்றங்களின் பட்டியலில் வைத்திருக்கிறது. அதில் மாட்டினால் பிள்ளைகள் இங்கே பிறந்தவர்கள் என்பதுகூடப் பெரும்பாலும் உதவாது. 2010 வழக்கே உங்கள் கிரீன் கார்டைப் பாதிக்குமா என்பதை முதலில் இமிக்ரேஷன் வக்கீலிடம் கேளுங்கள், மாநிலத்தில் எக்ஸ்பஞ்ச் ஆகியிருந்தாலும் இமிக்ரேஷனில் அந்தத் தீர்ப்பு அப்படியே இருக்கும். அதைக் கேட்டு முடிக்கும்வரை கிரீன் கார்டைப் புதுப்பிக்க விண்ணப்பிக்காதீர்கள், ஊருக்குப் போய்த் திரும்ப டிக்கெட்டும் போடாதீர்கள்.